எங்க தப்புதான் சார்

மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த இன்ஜினைக் கிட்டே போய்ப் பார்ப்பதற்கு முன்பே, சுற்றி நின்ற எல்லோர் காதிலும் விழ, “எங்க தப்புதான் சார், மன்னிச்சிருங்க” என்று சொல்லிவிட்டார் சப்ளையர். கார் கம்பெனியில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கழுத்து அட்டையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. பிஸ்டனையும் அது சுழற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடை இந்தக் கம்பெனிக்குச் செய்து தருவது வெளியே இருக்கும் ஒரு பட்டறை. ராடில் குறை என்றால் திட்டு வாங்குவதற்கென்றே பட்டறை முதலாளி இங்கே நிறுத்தி வைத்திருக்கும் ஆள் இவர். முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் விசாரணை என்பது அவருடைய தொழில் முறை. நாமாகவே விழுந்துவிட்டால் அடி கொஞ்சம் குறைவாக விழும். யார் தப்பு என்றெல்லாம் நின்று யோசிப்பவன் இந்த வேலையில் குப்பை கொட்ட முடியாது.

ஆனால் இது வழக்கமான குறை இல்லை. அடுத்த மாதம் விற்பனைக்கு வரவிருந்த புதுக் கார். ஏழு பேர் காலை நீட்டி உட்காரலாம், சீட்டே முதுகைப் பிடித்துவிடும். வசதியான குடும்பங்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்தன. சோதனை ஓட்டத்தில், நல்ல வேகத்தில் போகும்போது இன்ஜின் இறுகிவிட்டது. வண்டி சுழன்று சாலை நடுச்சுவரில் மோதியது. ஓட்டிய டிரைவருக்கு ஒரு கால் போய்விட்டது.

“ஒத்துக்கிட்டா போதாதுய்யா” என்றார் குவாலிட்டி மேனேஜர். “செஞ்சவன் யாருன்னு பாத்துச் சொல்லு. உங்க பட்டறையில மட்டுமில்ல, எங்களுக்குப் பொருள் தர்ற எந்த இடத்துலயும் அவன் இனிமே இருக்கக்கூடாது.”

அதற்குப் பிறகுதான் சப்ளையர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு ராடுக்கும், அதைக் கிராங்கோடு கவ்விப் பிடிக்கிற மூடி ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் துளை கடைவார்கள், இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரிப்படாது. இங்கே இரண்டாவது ராடில் மூன்றாவதின் மூடி இருந்தது, மூன்றாவதில் இரண்டாவதின் மூடி. பட்டறையிலிருந்து ஜோடி ஜோடியாக போல்ட் முடுக்கித்தான் வருகிறது. எண்ணைச் சரிபார்த்து இறக்கும்போது இவரே பக்கத்தில் நின்றிருந்தார். கழற்றி இன்ஜினில் பூட்டுவது இந்தக் கம்பெனி ஆட்கள். மாற்றிப் பூட்டியதும் அவர்கள்தான்.

எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். எந்த மெஷினில் கடைந்தது என்று அது சொல்லும். அந்த மெஷினில் நிற்பது அவர் மனைவியின் தம்பி. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அவனை அங்கே சேர்த்துவிட்டதே இவர்தான்.

“சார், மூடி மாறியிருக்கு. இங்க பூட்டும்போதுதான் சார்...”

மேனேஜர் எண்களைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

“இத்தனை பேர் முன்னாடி நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?” என்றார். அவர் வாயிலிருந்து ‘நீங்க’ வந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாளி பெருமூச்சு விட்டார். “நல்லவேளை, முந்திக்கிட்டு ஒத்துக்கிட்டே. அவங்க தப்புன்னு நிரூபிச்சு என்ன செய்ய, ஃபிரேம் போட்டு மாட்டவா? ஆர்டர் போனா அத்தனை பேரும் நடுத்தெருவுல நிப்போம். உன் மச்சினனை நாளையில இருந்து வரவேண்டாம்னு சொல்லிடு. நீயே சொல்லு, அதுதான் மரியாதை.”

சொல்ல வேண்டிய வேலையே இருக்கவில்லை. மூடி மாறிய விஷயம், எந்த மெஷின் என்பதோடு சேர்ந்து, அவர் போய்ச் சேர்வதற்குள் பட்டறை முழுக்கப் பரவி, வீட்டுக்கும் வந்திருந்தது. எங்கே மாறியது என்பது மட்டும் வந்து சேரவில்லை. மச்சினன் ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“மாமா, நான்தான் பண்ணியிருப்பேன்” என்றான். “அந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் மெஷின்ல நிக்கிறேன், புத்தி வீட்டுல நிக்குது. கைதவறி மாத்தியிருப்பேன். ஒரு மனுஷனை முடமாக்கிட்டேனே மாமா.”

நீ இல்லைடா என்று சொன்னால் போதும். சொன்னால் இவன் சும்மா இருக்க மாட்டான், கார் கம்பெனி கேட்டில் போய் நின்று கத்துவான். ஆர்டர் போகும், பட்டறை போகும், தன் வேலையும் போகும். உண்மையில் அந்தக் கடைசி விஷயம்தான் அவருக்கு முதலில் தோன்றியது.

“மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்” என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “நல்லாப் பாத்தீங்களா? இவன் செஞ்சதுதானா?”

“நம்பர் இருக்கே” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மச்சினன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். “எந்த ஆஸ்பத்திரி மாமா? அவர் கால்ல விழுந்து...” என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

பார்வையாளர் நேரம் என்பதால் வார்டில் நல்ல கூட்டம். டிரைவர் தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. மச்சினன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி, நான்தான் அந்த ராடைச் செஞ்சவன் என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். சப்ளையர் வாசலைத் தாண்டவில்லை. டிரைவர் கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தார். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்றிருந்தது.

“அழாத தம்பி” என்றார் டிரைவர். “வேணும்னா செஞ்ச? அந்தக் கம்பெனியில இருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நீ வந்து நிக்கிறே பாரு.”

டிரைவரின் மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். அப்போதுதான் வாசலில் நிற்பவரைக் கவனித்தாள்.

“நீங்க யாருங்க? உள்ள வாங்க.”

சப்ளையரின் கை கழுத்து அட்டையை மூடிக்கொண்டது. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் டிரைவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் எக்கி, தன் துண்டால் மச்சினனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.