புயல் வராத சனிக்கிழமை

போன வருஷப் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கல்யாண ஆல்பம் ஊறிப்போய், எது மாப்பிள்ளை எது சர்ச் சாமியார் என்றே தெரியாமல் போய்விட்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஜோசப்ராஜுக்குத் திட்டம் போடும் வியாதி பிடித்துக்கொண்டது.

அவர் ஒரு தனியார் பள்ளியில் பஸ்களுக்குப் பொறுப்பாளர். பிள்ளைகளை ஏற்றி இறக்க விசில் ஊதி ஊதி, எதையும் விசிலாலேயே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற மனுஷன். ஃப்ரிட்ஜில் சார்ட் பேப்பர் ஒட்டினார். முதல் விசிலுக்குக் கேஸை மூட வேண்டும். இரண்டாவதுக்கு மெயினை அணைக்க வேண்டும். மூன்றாவதுக்கு நானும் அவரும் அவருடைய அக்கா பாக்கியமும் ராஜகிரிக் கோட்டைக்கு ஓட வேண்டும்.

"புயல்ல யாராவது மலை ஏறுவாங்களா? இடி நம்ம தலையிலதான் எறங்கும்" என்றேன்.

"செஞ்சியில இருந்துகினு ஒசரத்துக்கு வேற எங்க போவ? ராசாவே அங்கதான் போயி ஒக்காந்தாரு."

"ராசா புயலுக்குப் பயந்தா போனாரு?"

"இன்னாத்துக்குப் போனா இன்னா? ஒசரம் ஒசரம்தான்."

இந்த மனுஷனோடு பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒத்திகை என்று அறிவித்தார். அதற்கடுத்த திங்கட்கிழமை விழுப்புரத்தில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அரசு வேலைக்குத் தேர்வு எழுதி எழுதி, பதினோரு வருஷம் கழித்து வந்த முதல் அழைப்பு. என் ஒரிஜினல்களையெல்லாம் இவர் ஒரு ஃபைலில் போட்டு, தண்ணீர் புகாத பையில் வைத்திருந்தார்.

"அத மட்டும் பீரோவுலயே வுட்டுட்டுப் போலாங்க" என்று கெஞ்சினேன்.

"புயல் வந்தா பீரோவுலயே வுட்டுட்டா போவ? ஒத்திகைன்னா நெசமா இருக்கணும்."

மூன்றாவது விசிலுக்குக் கிளம்பினோம். பாக்கியம் அண்ணி, மிதப்பதற்கென்று இரண்டு காலி தண்ணீர் கேன்களை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கோட்டையை விட்டுவிட்டு அண்ணியோடு செல்ஃபி எடுத்தார்கள். அண்ணியும் கேன்களைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

கோட்டை அடிவாரத்து நெல் களஞ்சியத்தைத் தாண்டுவதற்குள் மதில் மேலிருந்து ஒரு கடுவன் குரங்கு குதித்தது. வேறு எதையும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வந்து, இவர் தோளில் இருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு மதில் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"பேப்பர் இருக்கற பை அதுக்கு எதுக்கு?" என்றார் இவர், நம்ப முடியாமல்.

அண்ணி மெதுவாகச் சொன்னார். "முறுக்கு அதுலதான்டா தம்பி இருக்குது."

"முறுக்க எதுக்குக்கா அதுல வெச்ச?"

"மழையில நமுத்துப் பூடாதா? தண்ணி பூராத பை அது ஒண்ணுதான்னு நீதான சொன்ன."

குரங்கு முறுக்கைத் தின்றது. ஃபைலை வெளியே இழுத்து மூலையைக் கடித்துப் பார்த்தது. இவர் விசிலை எடுத்து ஊதினார். எங்கிருந்தோ இன்னும் ஆறு குரங்குகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பள்ளிப் பிள்ளைகள்கூட அவருக்கு இவ்வளவு ஒழுங்காகக் கட்டுப்பட்டதில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. மதிலடியில் போய் நின்று, அந்தக் குரங்கைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

"ஒனக்கு இன்னா தெரியும்? விடியக்காத்தால எழுந்து சமைச்சுட்டு, அடுப்புக்குப் பக்கத்துலயே வெச்சுப் படிச்சது அது. எத்தினி தபா பெயிலு, எத்தினி தபா எல்லாரும் சிரிச்சாங்க. ஒனக்கு அது வெளாட்டா? சொன்னா கேக்க மாட்டியா? ஒனக்குத் தோணுனதுதான் சட்டமா?"

பாதிக்கு மேல் யாருக்குச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். குரங்கு ஃபைலைக் கீழே போட்டது. இவர் விசிலைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை சரிபார்ப்பு அறையில் என் பட்டச் சான்றிதழைக் கையில் எடுத்த அதிகாரி அம்மா, மூலையைத் தடவிப் பார்த்தார். நான்கு பல் குறிகள்.

"இன்னாம்மா இது?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "புயலுக்கு ஒத்திகை பாக்கறேன்னு வீட்டுக்காரரு கோட்டைக்குக் கூட்டினு போனாரு மேடம். கொரங்கு கடிச்சிருச்சு."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு, புயலு வந்தா இப்பிடித்தான் தப்பிக்கணும்னு மாடியில இருந்து கயிறு கட்டி எறங்கிக் காட்டுனாரு. ரெண்டு வாரமா கால்ல மாவுக்கட்டு."

பல் குறிக்குப் பக்கத்திலேயே சீலைக் குத்தினார்.