மேனேஜரின் நான்காவது கால்

நாய் டாக்டர் வீட்டு நாய்க்கு நாய் டாக்டரைக் கண்டால் ஆகாது.

மாலையில் தெருமுனையில் அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும். முன்னறையில், தையல் மெஷினுக்கு எதிரே வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட நாற்காலியில் படுத்திருக்கும் நாய், சோம்பல்கூட முறிக்காமல் எழுந்து நேரே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவள் மேல் அப்படி ஓர் ஆஸ்பத்திரி வாடை. ஊசி மருந்தும் கிருமிநாசினியும், பகலெல்லாம் அவள் கையில் நடுங்கிய மற்ற நாய்களின் பயமும் கலந்த வாடை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து கூப்பிட்டாலும், கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் மட்டும் பதில் சொல்லும்.

நாயின் பெயர் மேனேஜர். பெயர் வைத்தவன் அவள் கணவன், தையற்காரன். நாற்காலியை விட்டு எழாமல், மற்றவன் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்பான். பகல் முழுக்க மெஷினும் மேனேஜரும்தான் அவனுக்குத் துணை. மனைவி வந்ததும் நாய் ஓடி ஒளிவதில் அவனுக்கு உள்ளூர ஒரு குஷி.

"உன்னைப் பார்த்ததும் மரியாதையா எழுந்து போகுது பாரு" என்பான்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. நாய் வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில், நகம் வெட்ட வேண்டுமானால் நாயின் வாயைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்று பேக்கரிக்காரர் ஒருவர் அடித்துப் பேசினார். கட்டவே வேண்டாம், நம்மேல் நம்பிக்கை இருந்தால் அதுவே காலை நீட்டும் என்றாள் இவள். எங்கே, செய்து காட்டுங்களேன் என்றார் அவர். வாயை அடக்கத் தெரியாமல், எங்கள் வீட்டு நாயையே கூட்டி வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சங்கச் செயலாளர் மறுநாளே அதை அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பாக எழுதி ஒட்டிவிட்டார். சங்கத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அவளிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள். சொந்த நாயே சபையில் அவளைக் கண்டு ஓடினால், அப்புறம் எவர் தன் நாயை அவள் கையில் கொடுப்பார்?

ஆகவே மேனேஜருக்கு ஐஸ் வைப்பது என்று முடிவெடுத்தாள். நிஜமான ஐஸ்.

விடுமுறை நாள் காலையில் தோல் நீக்கிய கோழித் துண்டுகளை, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்தாள். ஆறவிட்டு, மேலே படிந்த கொழுப்பை வழித்து எறிந்தாள். எலும்பு ஒன்றுகூட இல்லாமல் கறியை நார் நாராகப் பிய்த்து ஐஸ் தட்டின் குழிகளில் போட்டு, வெந்த தண்ணீரையே மேலே ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். இன்னொரு தட்டில் மசித்த வாழைப்பழமும் புளிக்காத தயிரும். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார், தனக்கு என்றால் கேரட்டைக் கட்டை கட்டையாக நறுக்கிப் போடும் மருமகள் நாய்க்கு மட்டும் பூப்போல வேகவைக்கிறாளே என்று சுவரிடம் முறையிட்டார். மறுநாள் தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சர்க்கரை போதவில்லை என்று தீர்ப்பும் சொன்னார்.

முதல் மாலை ஐஸ் கட்டியைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஒரு நாக்கு மட்டும் வெளியே வந்து நக்கிவிட்டுப் போனது. அடுத்த மாலை மூக்கு வந்தது. பிறகு முன்னங்கால்கள். ஒரு நாள் மேனேஜர் முழுசாக வெளியே வந்து, கூடத்தின் நடுவில் நின்று கடைசித் துண்டுவரை நொறுக்கித் தின்றுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. ஓடவில்லை. முன்னறையில் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

அதோடு சரி. அடுத்த நாளிலிருந்து நாய் வரும், ஒரு நக்கு நக்கும், அளவு தப்பித் தைத்த சட்டையை வாங்கிப் பார்த்த வாடிக்கையாளர் மாதிரி அவளைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். மேனேஜர் வெள்ளை நாய். அதன் வாயைச் சுற்றி மஞ்சள் பூத்திருந்தது.

காமாலையோ என்று பட்டது அவளுக்கு. காமாலை என்றால் கல்லீரல். டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய் நாயை வெளியே இழுத்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள், உதட்டை மடித்து ஈறைப் பார்த்தாள், தெர்மாமீட்டரை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். மேனேஜர் போட்ட ஊளையில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கண் வெள்ளையாக இருந்தது, ஈறு ரோஜா நிறம், காய்ச்சல் இல்லை. ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்தாள். மஞ்சள் பஞ்சோடு வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தாள். சமையலறை வாசனை.

ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டியை ஒரு கிண்ணத்தில் உருகவிட்டாள். வெறும் குழாய்த் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைந்திருந்தது. கோழிக்கு அடையாளமே இல்லை.

"மத்தியானம் அவன்தான் ஃப்ரீசரைத் திறக்கறான். உன்னோடதை நாய்க்கு ஊட்டிட்டு, நிறத்துக்கு மஞ்சளைக் கலக்கித் தட்டுல இதை ஊத்தி வச்சுடறான்" என்றார் மாமியார். "பெத்த பாசம், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்."

"இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க அத்தை?"

"பாவம், அந்த நாயை இந்தக் கத்து கத்த வச்சுட்டானே."

தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த கணவன் திரும்பி வந்தபோது இருவரும் ஒன்றும் நடக்காததுபோல டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல் அசல் ஐஸ் கட்டிகள் ஆஸ்பத்திரியில், ஊழியர்கள் சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜில் குடியேறின. மாலையில் ஃப்ளாஸ்க்கில் வரும். வீட்டு ஃப்ரீசரிலும் அதே தட்டு, அதே கோழி, அதே நிறம். ஒரே ஒரு வித்தியாசம். கட்டுப் போட்ட புண்ணை நாய் நக்காமலிருக்க மேலே அடிப்பார்களே ஒரு கசப்பு மருந்து, அதில் ஒரு பீச்சு. உடம்புக்குக் கெடுதல் இல்லை. நாக்குக்கு மட்டும் அது ஒரு துரோகம்.

மறுநாள் மத்தியானம் நடந்ததை மாமியார்தான் வரி விடாமல் ஒப்பித்தார். மேனேஜர் ஆசையாக வாங்கிய கட்டியைத் தரையில் துப்பிவிட்டு, மகனை மேலும் கீழும் பார்த்ததாம். பிறகு நாற்காலியைக் காலி செய்துவிட்டுச் சமையலறை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டதாம். குழம்பிப்போன மகன் இன்னொரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்து, ஓரமாக லேசாக நக்கியும் பார்த்தானாம். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தானாம்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் கவலையாக விசாரித்தாள்.

"ஏங்க, முகமே சரியில்லையே. வாய் ஏதாவது கசக்குதா?"

மாமியாருக்குப் புரை ஏறியது. அவனால் என்ன சொல்ல முடியும்? கசப்பைச் சொன்னால் களவைச் சொல்ல வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்லையே" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

மாலைகளில் ஃப்ளாஸ்க் மூடி திறக்கும் சத்தத்துக்கே மேனேஜர் வரத் தொடங்கியது. முதலில் கையிலிருந்து தின்றது. பிறகு காலைத் தொடவிட்டது. அன்றைக்குக் கணவன் தைத்த சட்டையின் இரண்டு கைகளும் இடது கைகளாகவே வந்தன.

கூட்டத்தன்று செயலாளர் வரவேற்புரையை இழுத்துக்கொண்டே போனார். முன்வரிசையில் பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவழியாக அவள் பாயில் உட்கார்ந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். மேனேஜர் வந்தது. ஒரு துண்டு ஐஸ், ஒரு கால். நகவெட்டி சத்தம் கேட்டும் அது அசையவில்லை. அடுத்த துண்டு, அடுத்த கால். மூன்றாவது கால் முடிந்ததும் மண்டபம் கைதட்டியது. இது எப்படி முடிகிறது என்று யாரோ கேட்டார்கள்.

"நம்பிக்கைதான்" என்றாள்.

இரண்டாவது வரிசையிலிருந்து கணவன் எழுந்தான். "டாக்டர், அந்த நம்பிக்கையில உப்பு போடணுமா?"

"கூடாதுங்க. மஞ்சளும் கூடாது."

பலர் அதைச் சிரத்தையாகக் குறித்துக்கொண்டார்கள். அவன் குனிந்து உட்கார்ந்துகொண்டான். அவளும் ஒளிக்காமல் செய்முறையை முழுக்கச் சொல்லிவிட்டு, ஃப்ளாஸ்க்கைக் கவிழ்த்தாள். கலங்கிய தண்ணீர்தான் வந்தது. வரவேற்புரையிலேயே மீதி கரைந்திருந்தது.

மேனேஜர் ஃப்ளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தது. எழுந்தது. நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்துபோய்த் தையற்காரன் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

"ஓடிப்போச்சுங்களே டாக்டர்" என்றார் பேக்கரிக்காரர், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

கணவனின் கை தானாகவே நாயின் காதைத் தடவப் போனது. கசப்பு ஊட்டியவன் என்றும் பாராமல் வந்துவிட்டதே. வெற்றிதான். அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். கையில் நகவெட்டியோடு, கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு மாலைதோறும் இவள் நாயைக் கூப்பிட்டதை அவன் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுந்து, மேனேஜரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், பாயில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாயை மடியில் இருத்தி, நான்காவது காலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வெட்டு. நான் பிடிச்சுக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் கையில அந்தக் கசப்பு ஒண்ணும் இல்லையே?"

"பேசாம பிடிங்க."

கடைசி நகமும் விழுந்தது. மேனேஜர் கொட்டாவி விட்டது. வாயைக் கட்டாமலே வேலை முடிந்துவிட்டதால் பேக்கரிக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"அப்ப கடைசிக் காலுக்கு வீட்டுக்காரர் கட்டாயம் வேணுமா டாக்டர்?"

"கட்டாயம்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

பின்வரிசையிலிருந்து தபால்காரப் பெண் எழுந்து, தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே, இப்போதைக்கு மூன்று காலோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கவலையாகக் கேட்டாள்.