மூட்டுக்குள் ரம்பத் தடம்

தெருவில் அவருக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர். மூக்கில் கண்ணாடி கிடையாது. ஐம்பத்திரண்டு வயதிலும் மயிரிழைக் கோட்டை வெறுங்கண்ணால் பிடித்துவிடுகிற ஆள். மரத்தைக் கண்ணாடி மாதிரி இழைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. இழைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மேசையின் மேல்பலகையை இழைத்தால் நாலு பேர் தடவிப் பார்த்து மெச்சுவார்கள். இவரோ மூட்டுக்குள்ளே போய் மறைகிற மரத்தையும் விடமாட்டார். நாற்காலியின் காலில் துளை தோண்டி, குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி அறுத்து அதற்குள் செருகுகிறார்கள் அல்லவா, அந்த நாக்கில் ரம்பப் பல்லின் தடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது அவருக்கு. பசை போட்டு இறுக்கிய பிறகு அதைக் கறையான்தான் பார்க்கப்போகிறது. "கறையானுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?" என்பார்.

அதே தச்சுப் பட்டறையில் அடுத்த மேசை அவருடைய மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. அவனைத் தெத்துப்பல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனும் அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அவன் வேலை வேறு மாதிரி. கோட்டின் மேல் ரம்பத்தை வைத்தால் கோடு முடிகிற இடத்தில்தான் எடுப்பான். அறுத்ததை அறுத்தபடியே துளையில் வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டி, அடுத்த வேலைக்குப் போய்விடுவான்.

"இறுக்கமா உட்காந்தா போதாதா மாமா? உள்ள போய் யாரு பார்க்கப்போறா?" என்பான்.

பதினோரு வருஷத்தில் அவன் போட்ட மூட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த விஷயத்தைக் கண்ணாடி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. சொன்னதெல்லாம் வேறு. வாடிக்கையாளர் யாராவது வந்து நின்றால் போதும், "இவன் மூட்டைப் பிரிச்சுப் பாருங்க, அறுவடை முடிஞ்ச வயல் மாதிரி இருக்கும். என்னோடதைப் பிரிச்சா முகம் பார்த்துத் தலை சீவலாம்" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். வாசல் பக்கம் மேசை போட்டு ஆர்டர் எழுதுகிற அவர் மனைவியும் சிரிப்பாள். மச்சானும் சிரிப்பான். சிரித்துச் சிரித்து, தன் வேலை மட்டம்தான் என்று கடைசியில் அவனே நம்பிவிட்டான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அம்மி சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

அன்று காலை பட்டறை திறந்த கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மாவின் புருஷன் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் குறுக்குச் சட்டம் ஒன்று காலிலிருந்து கழன்று, மறுமுனையில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் தையற்கடைக்கு நாலு உயரமான முக்காலி செய்து கொடுத்திருந்தார்கள். கண்ணாடி ரெண்டு, மச்சான் ரெண்டு.

"நேத்து உட்காந்து தைச்சிக்கிட்டிருந்தா. சரிஞ்சிடுச்சு," என்றார் அவர். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். "இடது மணிக்கட்டு எலும்பு உடைஞ்சிருக்கு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பள்ளிக்கூடத்துச் சீருடை அறுபது செட்டு வெட்டிப் போட்டது அப்படியே கிடக்கு."

கண்ணாடியின் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அடுத்த கணம் அவள் திரும்பிப் பார்த்தது புருஷனை அல்ல, தம்பியை.

"டேய்..."

"என்னோடதாத்தான்க்கா இருக்கும்," என்றான் அவன். முக்காலியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தெத்துப்பல் உதட்டுக்குள் எங்கேயோ போய்விட்டது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, தையல்காரம்மாவைப் பார்க்க அந்த மனிதரோடு கிளம்பிவிட்டான்.

அவள் முக்காலியைத் தூக்கிப் புருஷனிடம் நீட்டினாள். கழன்ற நாக்கு முழுக்கப் பசையும் மரத்தூளும் கெட்டியாகக் காய்ந்து அப்பியிருந்தன.

"பிரிச்சுப் பார்த்தா யார் கைன்னு தெரிஞ்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க? சுரண்டிப் பாருங்க. ரம்பத் தடம் இருந்தா அவனோடது. அப்படி மட்டும் இருந்துச்சு, இனிமே அவன் மூட்டு வேலை பக்கமே போக வேணாம். பாலிஷ் போடட்டும், வண்டியில ஏத்தி இறக்கட்டும். கூடப் பிறந்தவன்னு பார்த்துப் பார்த்துத்தான் இன்னிக்கு ஒருத்தி கை உடைஞ்சு கிடக்கா." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணாடி முக்காலியை எடுத்துக்கொண்டு பின்பக்க மேசைக்குப் போனார். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவனால் கத்தவா முடியும்? சுரண்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பசையோடு மரத்தூளைக் குழைத்து அப்புகிற வேலையை மச்சான் செய்யமாட்டான். அவனுக்கு அதற்குத் தேவையே வந்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முந்தைய அந்தப் பகல் அப்படியே கண்முன் வந்து நின்றது. அன்று அந்த நாக்கு முதல் தட்டிலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. "அருமையா இருக்கு, விட்டுடுங்க மாமா" என்று மச்சான்கூடச் சொன்னான். அவன் சொல்லி இவர் விடுவதா? வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய வரி வரியாக ரம்பத் தடம். அதன் மேல் பென்சிலால் கிறுக்கினார். அகல உளியைப் படுக்கவைத்து, கிறுக்கல் மறைகிறவரை சீவினார். வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளாக வந்தது. ஒரு மூலையில் மட்டும் இன்னும் ரெண்டு வரி. அதைச் சீவினால் இந்தப் பக்கம் மேடு. மேட்டை எடுத்தால் அந்தப் பக்கம் கோணல். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிறவரை சீவிவிட்டு, துளையில் வைத்தால், கொட்டாப்புளியே தேவைப்படாமல் நாக்கு தானாக உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? ரெண்டு பக்கமும் மெல்லிய பலகை ஒட்டி மறுபடி அளவாகச் சீவியிருக்கலாம். இல்லையென்றால் புதுச் சட்டம் அறுத்திருக்கலாம். ரெண்டையும் மச்சான் பார்ப்பான். பார்த்துவிட்டு அந்தப் பல்லைக் காட்டுவான். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து, அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் பசையில் மரத்தூளைக் குழைத்து இடைவெளியில் அடைத்து, செருகி, இறுக்கிக் கட்டி வைத்தார். காய்ந்ததும் கல் மாதிரிதான் இருந்தது. எட்டு மாதம் தாங்கியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

சட்டத்தை மறுமுனையிலிருந்தும் கழற்றி எடுத்தார். வெந்நீர்த் துணியைச் சுற்றிப் பசையை இளக்கி, உளிமுனையால் சுரண்டினார். மரம் தெரிந்தது. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், பார்க்க அவ்வளவு அழகு. கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

"தெரியுதா?" என்று வாசலிலிருந்து அவள் குரல்.

"இரு, சுரண்டிக்கிட்டிருக்கேன்."

போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் பதினோரு வருஷமாக அடித்த ஜம்பம் எல்லாம் அந்தப் பத்தடியில் குறுக்கே படுத்துக் கிடந்தது. அவர் கை சுவருக்குப் போய்த் தன் ரம்பத்தை எடுத்தது. நாக்கின் மேல் அதைப் படுக்கவைத்து அழுத்தி இழுத்தார். ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு. திருப்பிப் போட்டு மறுபக்கமும் இழுத்தார். புதுக் கீறல் வெளுத்துத் தெரியுமே என்று தரையில் கிடந்த தூசியைத் தொட்டுத் தேய்த்தார். வாழ்நாள் முழுக்க ரம்பத் தடத்தை அழித்த கை அது. இன்று தடம் வரைந்தது.

அவள் வந்து பார்த்தாள். வரி வரியாக இருந்தது. போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மச்சான் திரும்பி வரும்போது பதினொரு மணி. "கட்டுப் போட்ட கையைக் காட்டி, 'பரவாயில்லப்பா, வேணும்னேவா செஞ்சே'ன்னு சொல்றாங்க. நாலு திட்டுத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றான். அக்கா திட்டினாள். அவன் கேட்டதற்கு மேலேயே திட்டினாள். இனி அவனுக்குப் பாலிஷ் வேலைதான் என்றாள். முடிக்கும்போது, "நீயே பாரு உன் லட்சணத்தை," என்று சட்டத்தை அவன் கையில் திணித்தாள்.

அவன் அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினான். கட்டைவிரலால் ஒரு பக்கத்தை மெல்லத் தடவினான். புரட்டி, மறுபக்கத்தையும் தடவினான். விரல் ஒரு இடத்தில் நின்றது. கண்ணாடி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாக்கா," என்றான் அவன் நிதானமாக. "என்னோடதுதான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தப்பித்துவிட்டோம் என்று கண்ணாடிக்கு ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்ததற்காகவே தன்னை ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் தன் மேசையைக் காலி செய்தான். உளிகளைத் துணியில் சுருட்டி மேலே வைத்தான். ரம்பத்தை மட்டும் கொண்டுவந்து கண்ணாடியின் மேசையில் வைத்தான். ஒருவர் ரம்பத்தை இன்னொருவர் தொடுவதில்லை என்பது அந்தப் பட்டறையின் பழக்கம். காலையில் அவ்வளவு அவசரத்திலும் கண்ணாடியின் கை அந்தப் பழக்கத்தை மீறவில்லை. தன் ரம்பத்தைத்தான் எடுத்தது.

"இனி இது எனக்கு எதுக்கு மாமா? நீங்க வச்சுக்கங்க. பார்த்து இழுங்க, ஒரு பல்லு வளைஞ்சிருக்கு. வந்த வருஷமே ஆணியில பட்டது. எதை அறுத்தாலும் ஒரு பக்கம் பள்ளம் பள்ளமா கோடு விழும். பதினோரு வருஷமா விழுது." அவன் சிரிக்கவில்லை. "அக்காவுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பாலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்விட்டான்.

கண்ணாடி அப்படியே உட்கார்ந்தார். பதினோரு வருஷம் அவன் மூட்டை ஊரெல்லாம் வாயாலேயே பிரித்துக் காட்டிய மனிதர், ஒருநாளாவது அதை உற்றுப் பார்த்திருக்கிறாரா? அந்த ரம்பத்தை எடுத்து ஒரு துண்டுக் கட்டையில் அறுத்தார். அறுத்த முகத்தில் மெல்லிய வரிகளுக்கு நடுவே, இழுப்புக்கு ஒன்றாக, நகம் மாட்டுகிற ஆழத்தில் கோடுகள். முக்காலிச் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தார். அதில் பள்ளமே இல்லை. எல்லா வரியும் ஒரே ஆழம், ஒரே இடைவெளி. கள்ள வேலையைக்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறோமே என்று நினைத்தபோது, கூச்சத்தில் உடம்பு குன்றிப்போனது. அவன் ஒரு தடவலில் எல்லாவற்றையும் படித்திருக்கிறான். படித்துவிட்டு, அக்காவின் புருஷனை அக்கா முன்னால் காட்டிக்கொடுக்காமல் ஆமா என்று சொல்லியிருக்கிறான்.

ரெண்டு கட்டையையும் மச்சானின் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வாசல் மேசைக்குப் போனார். காலையில் பத்தடியாக இருந்தது இப்போது பத்து மைலாக இருந்தது. ஆர்டர் நோட்டின் மேல் ரெண்டு கட்டையையும் வைத்தார். பள்ளத்தைக் காட்டினார். பள்ளம் இல்லாததைக் காட்டினார். சீவியது, அடைத்தது, காலையில் ரம்பத்தைப் படுக்கவைத்து இழுத்தது, தூசி தேய்த்தது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது தலை நிமிரவில்லை.

அவள் ரெண்டு கட்டையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"அவன் 'என்னோடதுதான்'னு சொன்னப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"நான் அவனை அந்தத் திட்டுத் திட்டினப்போ?"

"நின்னேன்."

அவள் ரம்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இப்பப் போய் அவன் பக்கத்துல நில்லுங்க. நின்னு, இங்க எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க. சொல்லிட்டு அப்படியே தையல்காரம்மா வீட்டுக்குப் போங்க."

வாசலுக்கு வெளியே மச்சான் குனிந்து ஒரு அலமாரிக் கதவுக்குப் பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் பழுப்பு. மாமா கையில் தன் ரம்பத்தைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினான். கண்ணாடி அதை அவனிடம் நீட்டினார்.

"மச்சான், அது என் மூட்டு," என்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "கேக்கல."

அவர் மறுபடி சொன்னார். இந்த முறை தெருவில் போன ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.