ஊர்க்கணக்கும் பரிபூரணத்தின் பிள்ளையும்

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பரிபூரணம் உண்டானாள். அது தெரியவே இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. மிரண்டு அழுகிற பிள்ளைகளை அந்த இரண்டு மாதமும் படமெடுக்கையில் தானே பிடித்துக்கொண்டு நின்றதுதான் முதலில் ஞாபகம் வந்தது, சந்தோஷம் அப்புறம்தான்.

"கதிரைத் தடுக்க ஈய ஏப்ரன் போட்டிருந்தேல்ல, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டரம்மா. இவளுக்கு மனசு கேட்கவில்லை.

புருஷன் ஐயாதுரை ராஜபாளையத்தில் கல்லூரி வாத்தியார்; புள்ளியியல் நடத்துகிறவன். சனிக்கிழமை மதுரைக்குப் போய் ஒரு கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து வந்தான். வெளிநாட்டில் ஊர் ஊராக எடுத்த கணக்கு அது. வீடுகளில் மண்ணிலிருந்து கசிகிற கதிர்வீச்சு கூடுதலாக இருந்த ஊர்களில் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததாம்.

பரிபூரணத்தின் முகம் தெளிந்தது. "அப்போ லேசாப் பட்டா நல்லதுதானா?"

அவன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"இல்லட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எம்புட்டு பால்கோவா விக்குது! அதை வச்சு, பால்கோவா தின்னா சர்க்கரை நோய் வருமா வராதான்னு சொல்லிரலாமா? தின்னவுக பாதிப்பேரு பஸ் ஏறிப் போயிட்டாக. ஊர்க்கணக்குல யாரு தின்னாக, யாரு பீடி குடிச்சாகன்னு தெரியாது. இது கெடுதல்னும் சொல்லாது, நல்லதுன்னும் சொல்லாது."

அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, திங்கக்கிழமையும் போயி பிள்ளைகளைப் பிடிச்சுக்கிட்டு நிப்பியே, பரிபூ."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவனும் அவளோடு பஸ் ஏறினான். நிர்வாகியிடம் பேசி, அவளைச் சீட்டு எழுதுகிற இடத்துக்கு மாற்றச் சொன்னான். அவள் சட்டையில் குத்தியிருந்த, பட்ட கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜைச் சோதனைக்கு அனுப்பவும் கேட்டான். கொஞ்ச நாளில் பதில் வந்தது. அவள் மேல் பட்டது மிகமிகக் குறைவு. அது எந்த ஊரின் கணக்கும் அல்ல, அவளுடைய சொந்தக் கணக்கு. அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மார்கழிப் பனியில் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல சத்தம்.

"இப்பமாவது சொல்லுங்க, ஒண்ணும் ஆகலேல்ல?"

"ஒரே ஒரு பிள்ளைய வச்சு அதையும் சொல்லிர முடியா..." என்று இழுத்தான் ஐயாதுரை.

"ஐயோ, சிரிக்க வைக்காதீக, தையல் வலிக்குது" என்றாள் அவள். "பேசாமப் பிள்ளையைத் தூக்குங்க."

அவன் பயந்து பயந்து கையை நீட்டினான்.