தரையில் கிடத்தாதே

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. நிற்கவும் இடமில்லாத லாரிகளிலிருந்து குதித்த பெண்கள், புனோம் பென்னுக்கு வெளியே இருந்த அந்தக் காலணி ஆலைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். வண்ணி பசைத் தொட்டியின் மூடியைத் திறந்ததுமே வாடை மூக்கைச் சுரண்டியது. தூரிகையை முக்கி, அடித்தோலில் தடவி, மேல்தோலை வைத்து அழுத்தி, அடுத்தவளிடம் தள்ள வேண்டும். கை நின்றால் காலணிகளை நகர்த்தும் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் வசவு விழும்.

அவள் தங்கை மலிஸ் ஏழு மாதக் கர்ப்பிணி. முதலாளி ஹெங் பெரிய மனது பண்ணிக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் குட்டை முக்காலி கொடுத்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் நின்றபடிதான்.

போன வாரம் அந்த முக்காலிக்காரிகளில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஆலை கட்ட வெட்டிய மரத்தில் குடியிருந்த நெக் தா, அந்த மண்ணின் காவல் தெய்வம், கோபித்துக்கொண்டார் என்று பேச்சு கிளம்பியது. ஹெங் மறுநாளே பன்றித்தலையும் ஊதுபத்தியும் வைத்துத் தடபுடலாகப் பூசை போட்டார். சுவரோரப் பெட்டிகளை நகர்த்தி, சுவரின் அடியில் காற்றுக்காக வைத்த கீழ்க்கதவுகளைத் திறந்துவிடும்படி பெண்கள் வாய் வலிக்கக் கேட்டிருந்தார்கள். அதற்கு மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. வண்ணியும் பூசையில் விழுந்து கும்பிட்டவள்தான்.

இன்று வெயில் ஏறும் நேரத்தில், "அக்கா..." என்றாள் மலிஸ். அவ்வளவுதான், சரிந்துவிட்டாள்.

எப்போதும் செய்வதையே செய்தார்கள். காற்று பட்டால் ஆபத்து என்று விசிறியை நிறுத்தினார்கள். தரையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். மூத்தவளான பல்லா பக்கத்தில் குந்தி, உடம்பில் புகுந்த கெட்ட காற்றை இறக்க, தைலம் பூசி நாணயத்தால் முதுகைச் சுரண்டினாள். மலிஸின் உதடு நீலம் பாரித்துக்கொண்டே போனது.

திடீரென்று பல்லாவின் கண்கள் சொருகின. "வர்றாரு... நெக் தா என் மேல வர்றாரு!"

கூட்டம் கைகூப்பியது. தங்கையின் வாயருகே காது வைக்கக் குனிந்த வண்ணிக்கும் தலை கிறுகிறுத்தது. பதறி எழுந்தாள், தெளிந்தது. மறுபடி குனிந்தாள், மறுபடி கிறுகிறுப்பு. பல்லாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"அக்கா, மூச்ச நல்லா இழு. இப்ப சொல்லு, இருக்காரா?"

பல்லா திருதிருவென விழித்தாள். "...போயிட்டாருடி."

"தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல! தரையில என்னமோ இருக்கு. தூக்குங்கடி இவள, வெளிய தூக்குங்க!"

முற்றத்து வெயிலில் வெகுநேரம் அசைவில்லாமல் கிடந்தாள் மலிஸ். பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து, வயிற்றைத் தடவி, "உதைக்குதுக்கா" என்றாள். வண்ணி வாய்விட்டு அழுதாள்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. "முக்காலியில உக்காந்தவங்கதானே விழறாங்க? நின்னவ ஒருத்தியாவது விழுந்தாளா? பசை வாடை மேல போகலடி. கனத்துப்போய்த் தரையில தேங்குது. தெளிய வைக்கிறோம்னு நாமளே இவள அதுக்குள்ள முக்கியிருக்கோம்!"

"நெக் தா மேல போய்ப் பழி போட்டோமே, மன்னிச்சுக்கோ சாமி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பல்லா.

ஹெங் வேகவேகமாக வந்தார். "என்ன கூத்து இது? பெல்ட் நிக்குது!"

"கீழ்க்கதவத் திறங்கய்யா. பசை வாடைதான் ஆளச் சாய்க்குது," என்றாள் வண்ணி.

"படிக்காத கூட்டம்! தெய்வக் குத்தம்னு சொன்னது யாரு? நீங்கதானே? என் செலவுல பூசை போட்டேனே!"

"தொட்டிக்குக் கீழ குழியில இறங்கறப்ப மெக்கானிக்குக்கு முகமூடி மாட்டி விடறீங்களே, எதுக்கு? நெக் தா முகமூடிக்குப் பயந்தவரா?"

ஹெங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாங்க தெரியாம சொன்னோம். நீங்க தெரிஞ்சே தலையாட்டினீங்க," என்றாள் வண்ணி. "பசை டின்னு மேல என்னமோ எழுதியிருக்கே, அத எங்க பாஷையில எழுதி ஒட்டினா கை ஒடிஞ்சா போயிடும்? அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டுட்டுத்தான் உங்க பெல்ட்டுல வந்து நின்னோம். எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"இப்ப உள்ள போகலைன்னா எல்லாருக்கும் சீட்டுக் கிழியும். வேலை கேட்டு வாசல்ல எத்தன பேர் நிக்கிறாங்கன்னு தெரியுமில்ல?"

"கூப்பிடுங்கய்யா," என்று வண்ணியின் பக்கத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள் பல்லா. "அவங்களுக்கும் சொல்றோம்."

ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். ஹெங் காவலாட்களைக் கூப்பிட்டார், வாசற்கதவு பூட்டப்பட்டது. கீழ்க்கதவுகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது, எழுந்தவள்தான் ஒருத்தியும் இல்லை. சற்று நேரத்தில் பக்கத்துத் தையல் கூடத்தின் இரைச்சல் ஓய்ந்தது. அங்கிருந்த பெண்கள் திமுதிமுவென முற்றத்துக்கு வந்தார்கள்.

"என்னடி ஆச்சு? மலிஸுக்கு என்ன?"

வண்ணி எழுந்து நின்று முதலிலிருந்து சொன்னாள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பி நின்று, அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.