செருப்பு மரத்திலிருந்து ஓர் அழைப்பு

"அக்கா, ஒரு தமாஷ் காட்டுறேன், இங்க வாங்க" என்று சிவராமன் கூப்பிட்டபோது நான் ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததுமே குமட்டத் தொடங்கி, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இறங்கும்போது முகம் சுண்ணாம்பாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தவுடன் ஆள் சரியாகிவிட்டான். அவனுக்கு அதுதான் மருந்து.

எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள். ரோடு போகாத மலைக்கிராமங்களிலிருந்து யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால், ரோடு முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தி வைத்து, அவர்கள் தூக்கிக்கொண்டு வந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எங்கள் வேலை. ஒரு ஜீப், அதை ஓட்ட செல்வமுருகண்ணன், ஒரு போன், அதை எடுக்க நான். இத்தனை வருஷமும் இப்படித்தான் ஓடியது. கெடுத்தது சுற்றுலாக்காரர்கள். விடுமுறை வந்தால் போதும், எங்கள் நம்பரை எங்கோ பார்த்துவிட்டு, மப்பில் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, "புலி வந்துருச்சு, ஜீப் அனுப்புங்க" என்று சிரிப்பார்கள். ஒரு தடவை செல்வமுருகண்ணன் மழையில் போய்த் தேடிவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தார். அதற்குப் பிறகு நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன், இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று. அறக்கட்டளையில் சிவராமனைப் பிடித்தார்கள். அவன் எழுதிய மென்பொருள் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. எங்கள் பழைய போனில் இரண்டு வருஷமாக வந்த அழைப்புகளையும் நான் குறித்து வைத்தவற்றையும் மொத்தமாக அதற்குள் ஊட்டியிருந்தான். எந்த நம்பர் நிஜமான நம்பர், எது விளையாட்டு நம்பர் என்று அதுவே தீர்மானிக்கும். நல்ல அழைப்பு என்றால் பச்சைக் கோடு, என் போன் அடிக்கும். சந்தேகமான அழைப்பு சிவப்புக் கோடு. அது எனக்கு அடிக்காது. ஒரு குரல் பதிவு பேசி, அவர்கள் சொல்வதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் நேரம் இருந்தால் கேட்கலாம். அந்தக் குரல் பதிவுக்கும் வெளியாள் வேண்டாம் என்று என்னையே பேச வைத்தான். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்துப் பெண் நான். என் பேச்சில் இன்னும் அந்த வாசனை அடிக்கும் என்று கிண்டல் செய்பவன், மைக்கை நீட்டியபோது மட்டும் "ஒங்க கொரல் கேட்டா நெசமாவே ஆள் பேசுற மாதிரி இருக்கும்க்கா" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"இங்க பாருங்க, ஒரே நம்பர். ஒரே எடம், இம்மி நகரல. ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரு பேரு. கணேசன்ங்கிறான், முனியன்ங்கிறான், பெத்தம்மாள்னு பொம்பளக் கொரல்ல வேற. பாதி நேரம் ஒடம்பு சரியில்லன்னுகூட இல்ல. வட்டக்கானல் கடையில சீனி எடுத்து வைக்கச் சொல்லுங்க, பஸ் ஓடுதான்னு கேட்டுச் சொல்லுங்கன்னு. நீங்க திரும்பக் கூப்பிட்டா ஒரு தடவகூட எடுத்ததில்ல. எல்லா விதியிலயும் மாட்டுறான்க்கா. இன்னைக்கு விடியக்காலைகூட ஒண்ணு வந்துருக்கு. போடவா?"

நான் கோப்பையை வாயில் வைத்திருந்தேன். திரையில் பச்சை மலைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. ரோடு முடிகிற வட்டக்கானலிலிருந்து கீழே இறங்கும் நடைபாதையில், டால்பின் நோஸ் பாறையையும் தாண்டி, வெகு கீழே. அவ்வளவு தூரம் எந்தச் சுற்றுலாக்காரன் இறங்குவான் என்று நான் யோசிப்பதற்குள் அவன் பொத்தானைத் தட்டிவிட்டான்.

முதலில் வந்தது என் குரல். வணக்கம், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்றது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"யாரு, தேவகுமாரியா? நாந்தான் தாயி, பரமேஸ்வரி. நம்ம துர்காவுக்கு வெள்ளனே பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. இன்னும் நாள் கெடக்குன்னுதான் இருந்தோம். பிள்ள தல திரும்பலன்னு நர்சம்மா வேற சொல்லிட்டுப் போச்சு. இந்தா, தூக்கிட்டுக் கெளம்பிட்டோம். வட்டக்கானல்ல வண்டி நிக்கட்டும். மறந்துறாத தாயி."

மறுபடியும் என் குரல்: உங்கள் செய்தி வந்து சேர்ந்தது, நன்றி.

"சரி தாயி. நீ சொல்லிட்டா போதும்" என்றது பரமேஸ்வரியின் குரல். அதோடு பதிவு முடிந்தது.

சிவராமன் என்னைப் பார்த்தான். நான் கோப்பையை வைத்த வேகத்தில் தேத்தண்ணி மேசையில் கொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை. அந்த நம்பரைத் திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுக்கலக்கா" என்றான்.

"எப்படி எடுப்பாங்க தம்பி? அது மரத்துல தொங்குற போன்."

பரமேஸ்வரியின் ஊரான வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். ஊர் முழுக்கச் சாமி இருக்கிற மண். வீடும் கோயிலும் தோள் உரசிக்கொண்டு நிற்கும். விருந்தாளியானாலும் அதிகாரியானாலும் ஊர் எல்லையில் கழற்றித்தான் ஆக வேண்டும். நானும் தடுப்பூசி முகாமுக்குப் போனபோது கழற்றியிருக்கிறேன். அங்கே பாதையோரம் ஒரு மரம், அடியில் ஊராரின் செருப்பெல்லாம் கிடக்கும். ஊருக்குள் போனில் சிக்னல் கிடையாது, அந்த மரத்தடியில் மட்டும் எங்கிருந்தோ வரும். குனிந்து செருப்பு மாட்டும்போது எவனுடைய போனோ அடித்ததில்தான் இது தெரிந்ததாம். உடனே ஊர்ப் பொதுவில் ஒரு போன் வாங்கி, மஞ்சப்பையில் போட்டு, அந்த மரக்கிளையிலேயே தொங்கவிட்டுவிட்டார்கள். சோலார் விளக்கில் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டுவது முறை வைத்து நடக்கிறது. தேவைப்பட்டவர் போவார், தன் பேரைச் சொல்லிப் பேசுவார், பையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குத் திரும்புவார். திரும்ப அழைத்தால் அதைக் கேட்க அங்கே செருப்புகள்தான் இருக்கும். இரண்டு வருஷமாக இந்தக் குரல்களைக் கேட்டே எனக்கு ஆளைத் தெரியும் என்பதால், நம்பரையோ இடத்தையோ நான் கவனித்ததே இல்லை. பேரை மட்டும் குறித்து வைத்தேன். அந்தப் பேர்களைத்தான் சிவராமனின் மென்பொருள் விழுங்கிவிட்டு, ஊரையே ஒரு குறும்புக்காரனாக்கிவிட்டது.

சிவராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அப்புறம் பேசலாம். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ஆளைத் தயாரா இருக்கச் சொல்லுங்க. இந்தப் போனை விட்டு நகராதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். செல்வமுருகண்ணன் பேக்கரியில் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதும் பன்னை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"நிறைமாசக்காரிய அந்த ஏத்தத்துல தூக்கிட்டு வாறாங்களா? எப்பக் கெளம்புனாங்க?"

"விடியக்காலை."

"அப்ப இந்நேரம் மேல வந்துருப்பாங்களே பாப்பா" என்றார். சாவியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

வட்டக்கானல் ரோடு விடுமுறையில் எப்படி இருக்கும் என்று இங்கே பிழைக்கிறவர்களுக்குத் தெரியும். அருவிப் பக்கம் இரண்டு வேன்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் கார்கள். எல்லாரும் இறங்கி நின்று பஞ்சுமிட்டாய் தின்றார்கள். செல்வமுருகண்ணன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே ஒரு பக்கச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி ஓட்டினார். எனக்கு உட்கார முடியவில்லை. துர்கா மேட்டில் பனியில் படுத்துக் கிடப்பதாகவும், சுற்றி நாலு பேர் ரோட்டையே பார்ப்பதாகவும், வண்டி இல்லாத ரோட்டில் பரமேஸ்வரி என்னை நினைத்துக்கொண்டு நிற்பதாகவும் வந்துகொண்டே இருந்தது. பொய் சொன்ன ஆளாக எனக்கே என்மேல் அருவருப்பு. நான் சொல்லாவிட்டால் என்ன, என் குரல் சொல்லியிருக்கிறதே.

ரோடு முடிகிற இடத்தில் யாரும் இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டேன். டோலி எதுவும் மேலே வரவில்லை என்றார். நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. ஏன் இன்னும் வரவில்லை? பாதி வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டதா? பாதை வாயில் போய் நின்றேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். "குறுக்க நின்னா அவங்களுக்கும் எடைஞ்சல். நில்லு" என்றார் செல்வமுருகண்ணன். வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்கதவைத் திறந்து, இருக்கைமேல் கம்பளியை விரித்தார். விரித்ததை எடுத்து உதறி மறுபடி விரித்தார்.

முதலில் கேட்டது குரல். "ஏலே, எடப்பக்கம் வழுக்குது, பாத்து வை." அப்புறம் மூங்கில் கம்பின் நுனி பனியிலிருந்து வெளியே வந்தது. கம்பை முன்னால் சுமந்து வந்தவன் துர்காவின் புருஷன் கணேசன். கம்பில் கட்டிய போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டு மூங்கிலை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. தூக்கி வந்த நாலு பேர் காலிலும் செருப்பு இல்லை. கெண்டைக்காலில் அட்டை தொங்கி ரத்தம் வழிந்தது. மரத்தடியில் நின்று மாட்டிக்கொள்ளக்கூட நேரம் இல்லாமல் ஓடி வந்திருக்கிறார்கள். நடுவழியில் ஒரு மரம் விழுந்து கிடந்து, சுற்றி வந்ததில்தான் தாமதம்.

பரமேஸ்வரி கடைசியாக வந்தாள். துர்காவின் மாமியார், வாட்டசாட்டமான பெண்பிள்ளை. துர்காவை வண்டியில் ஏற்றும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி நிக்குமோ நிக்காதோன்னு இவன் வழி பூராம் பொலம்பிட்டு வந்தான். தேவகுமாரி சொல்லிட்டா நிக்கும்லேன்னு சொன்னேன். நின்னுருச்சு பாரு."

"அக்கா, காலையில பேசுனது நானில்ல. அது மெஷின்ல போட்டு வச்ச கொரல்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கிட்டுப் பேசுனா என்ன. ஒங் கொரலுதான?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

சிவராமன் நான் சொன்னதைச் செய்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே தள்ளுவண்டியோடு ஆள் நின்றது. உள்ளே கொண்டுபோனார்கள், கதவைச் சாத்தினார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். கணேசன் சுவரில் சாய்ந்து, காலில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். யாரோ உப்பு வாங்கி வந்து கொடுத்தார்கள். குழந்தையை அறுவை செய்துதான் எடுத்தார்கள். பெண்பிள்ளை. தாயும் நன்றாக இருக்கிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது கணேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் வராந்தா மூலைக்குப் போய் நன்றாக அழுதேன். அப்படி அழுதது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது வெயில் மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது. சிவராமன் அதே நாற்காலியில் இருந்தான். சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் போனில் சொன்ன சேதி அவனைக் கொஞ்சம் நிமிர்த்தியிருந்தது, அவ்வளவுதான். இனிமேல் சிவப்பு வந்தாலும் என் போன் அடிக்கும்படி மாற்றிவிட்டானாம். என் குரலை அழித்துவிட்டானாம்.

"அந்தப் புள்ளிக்குப் பேரு வச்சிருக்கேன்க்கா" என்று திரையைத் திருப்பினான். செருப்பு மரம் என்று எழுதியிருந்தது. நிறத்தை இன்னும் மாற்றவில்லை. "மாத்தத்தான் உக்காந்தேன். அதுக்குள்ள, ஊருல இருக்கவங்களுக்குச் சேதி தெரியாதுல்லன்னு தோணுச்சு. தூக்கிட்டு வந்தவங்க எல்லாரும் இங்கல்ல இருக்காங்க. அதான் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"யாரு எடுப்பா?"

"யாராச்சும் செருப்பு மாட்ட வருவாங்கள்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் மறுபடி நம்பரைத் தட்டி, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தான். நான் காலையில் கொட்டிய தேத்தண்ணிக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. நின்றது. மறுபடி தட்டினான். அடித்தது. அப்புறம் பை சரசரக்கும் சத்தம்.

"யாருங்க? நல்லுசாமி பேசுறேன். காட்டுச் சோலி முடிச்சு வந்தேன், செருப்பக் கழட்டையில அடிக்குது."

சிவராமன் என்னைப் பார்த்தான். பேசு என்று கை காட்டினேன். "நான் கொடைக்கானல்லேருந்து பேசுறேங்க. துர்காவுக்குப் பொண்ணு பொறந்துருக்கு. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றான்.

கடகடவென்று எதிலோ மோதும் சத்தம். நல்லுசாமி போனை வைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பை கிளையில் ஆடுவது கேட்டது. காற்று, ஒரு குருவி, தூரத்தில் யாரையோ கூப்பிடும் குரல். திரையில் அந்தக் கோடு சிவப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. சிவராமன் துண்டிக்கப் போனான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் காற்று மட்டும் வந்தது. பிறகு, வெகு கீழே இருந்து, முதலில் ஒரு பெண், அப்புறம் இரண்டு மூன்று பேர், அப்புறம் எத்தனை பேர் என்று தெரியவில்லை, குலவையிட ஆரம்பித்தார்கள்.