திருக்கையின் புண் ஆறிவிட்டதா?

1

இந்தக் கதை ஒரு பாராட்டில் பிறந்தது. பாராட்டியவன் நான். பொதுவாக நான் யாரையும் சுலபத்தில் பாராட்டுகிறவன் இல்லை. கூட எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வயிறெரிந்து சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் வாய் நீண்டுவிட்டது. "அக்கா, புண்ணு சுத்தமா ஆறிடுச்சே, தடமே தெரியல" என்றேன். பக்கத்தில் அவளுடைய முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு ஒரே ஒரு கேள்விதான் பேசியிருக்கிறாள். ஆகவே எழுதுகிறேன். பேச ஆள் இல்லாதவர்களுக்கு எழுத்து ஒரு (இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். பரிதாபம் தேடுகிறது.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "தண்ணீருக்கடியில் ஒரு கறுப்புத் தட்டு மூச்சுவிட்டது. அதன்மேல் நட்சத்திரங்கள்" என்று வந்ததும் பேனாவை மூடினேன். அவை நட்சத்திரங்கள் இல்லை, வெள்ளைப் புள்ளிகள். ஓரத்தில் கடிபட்ட இடத்தில் மூன்று புள்ளிகள் திரும்ப வரவே இல்லை என்று அக்கா எண்ணி வைத்திருக்கிறாள்.

இரண்டாவது தொடக்கம்: "என் அக்கா ஆண் கடித்த காயங்களுக்கு மருந்து போடுகிறவள். அவளுக்கும் ஒரு காலத்தில்..."

நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிகிறது. நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அக்காவின் கல்யாணத்தில் கடி எதுவும் இல்லை. அத்தான் பேருந்து ஓட்டுகிறார், வீட்டுக்கு வந்தால் வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறார், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போகிறார். "மீனை மீனா எழுதுடா, அதுல என்னை இழுக்காத" என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

சரி, மீன். அக்கா வேலை செய்வது ஒரு வளர்ப்பு மீன் பண்ணையில். தகரக் கூரை போட்ட நீளமான கூடம், இரண்டு பக்கமும் தொட்டிகள், காது புளித்துப்போகும் அளவுக்கு மோட்டார் சத்தம். வளர்ப்பவை நன்னீர்த் திருக்கைகள். தட்டு மாதிரி உடம்பு, வாலில் விஷ முள். இணை சேரும்போது ஆண், பெண்ணின் உடம்பு ஓரத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கையா இருக்கிறது? ஆற்றில் என்றால் பெண் விலகி ஓடலாம். தொட்டியில் ஓடினால் கண்ணாடியில் முட்டும்.

கடிபட்டதை அக்கா தனித் தொட்டிக்கு மாற்றுவாள். வால் முள்ளுக்கு ஒரு துண்டு ரப்பர் குழாயை உறையாக மாட்டுவாள். அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு ஏந்தி, புண் மட்டும் வெளியே தெரியும்படி சாய்த்து, பஞ்சில் அயோடின் தொட்டு ஒற்றி எடுப்பாள். செவுள் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது. தினமும் தண்ணீரில் பாதியை மாற்றுவாள். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, புண் இருக்கும் இடங்களைப் பென்சிலில் குறித்துத் தொட்டியில் மாட்டிவைப்பாள். ஆற ஆறக் குறிகளை அழிப்பாள்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: கடித்தடத்தைப் பார்த்தால் பண்ணைக்காரர்களுக்குச் சந்தோஷம். இணை சேர்ந்ததற்கு அதுதான் அத்தாட்சி. முதலாளி அதைப் போட்டோ எடுக்கச் சொல்லி, "நல்ல செய்தி" என்று எழுதி நண்பர்களுக்கு அனுப்புவார்.)

3

முதலாளியை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. எழுபதை நெருங்குகிறவர், இரண்டு கண்ணிலும் புரை, அறுவை சிகிச்சை என்றால் பயம். தாள்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். தொட்டிக்குள் இருப்பது அவருக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று. அவரிடம் ஒரே ஒரு விதிதான்: புண் மூடினால் பெண் திரும்ப ஆணோடு போக வேண்டும்.

அக்கா சொல்லாமல் இல்லை. "வாலடியில ரெண்டு எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது சார். புண்ணு ஆறினாலும் உடம்பு தேறல. இன்னொரு தடவை கடிச்சா தாங்காது. ரெண்டு மாசம் விடுங்க."

"சாப்பிட்டா தேறிடும்மா."

அவருக்குப் புண்தான் கணக்கு, இளைப்பு கணக்கில் இல்லை. ஆகவே அக்கா புண் மூடிய பிறகும் தாளில் இரண்டு குறிகளை அழிக்காமல் விட்டாள். கீழே தினமும் ஒரே வார்த்தை எழுதினாள்: ஆறவில்லை.

எங்கள் குடும்பத்தில் கற்பனையாக எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவள் ஒற்றை வார்த்தை எழுதினாள், அதனால் ஓர் உயிர் தேறிக்கொண்டு வந்தது. என் எழுத்தால் யாரும் தேறியதாகத் தகவல் இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வருடமாகக் கதை எதுவும் வராமல், விஷயம் தேடிப் பண்ணைக்குப் போயிருந்தேன். தொட்டிக்குள் பார்த்தேன், நன்றாக ஆறியிருந்தது, மனதில் பட்டதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

4

அன்று மத்தியானமே மாற்றினார்கள். அக்காவே ஏந்திக்கொண்டு போய் ஆணின் தொட்டியில் இறக்கினாள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்ன நடக்குது, சொல்லுங்க தம்பி" என்று என்னிடம் கேட்டார். அவருக்காக நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆண் பின்னாலேயே சுற்றுகிறது. பெண் மூலைக்குப் போகிறது. கண்ணாடியில் ஏறப் பார்க்கிறது. கடித்துவிட்டது. விடவில்லை. இன்னும் விடவில்லை.

பிரித்து எடுத்தபோது உடம்பு ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்து தொங்கியது. அக்கா ரப்பர் குழாயை மாட்டினாள். பஞ்சை எடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"வந்த வேலை முடிஞ்சுதா?"

5

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. "எனக்கு அப்போது தெரியாது" என்ற இடம். திரும்பிப் போய்த் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். அன்று காலையில் தேநீர் குடிக்கும்போது அக்காவே சொன்னாள். "புண்ணு ஆறி பத்து நாள் ஆச்சுடா. நான்தான் தாள்ல ஆறலன்னு போட்டு ஓட்டிட்டிருக்கேன். யார்கிட்டயும் உளறி வைக்காத." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தம்பியிடம் சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி என்று நினைத்தாள், பாவம்.

என் நோட்டில் பதினான்கு பக்கம் இருந்தது. பஞ்சு, அயோடின், ரப்பர் குழாய், வட்டம். எல்லாம் மருந்து. கடி இல்லை. கடியை நான் கண்ணால் பார்க்கவில்லை, பார்க்காமல் எழுதினால் வாசகருக்குத் தெரிந்துவிடும். உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களுக்கு அந்த இடம் நன்றாக வர வேண்டுமென்று, முதலாளி காதில் விழும்படி என் அக்காவைப் பாராட்டினேன். நான்காம் பகுதி நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதைத் திரும்பப் படிக்கும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

6

இருபத்து மூன்று நாள் கழித்து முதலாளி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தாள்ல ஆறலன்னுதான் போட்டிருக்கு. போன தடவையும் அப்படித்தான் போட்டிருந்துச்சு. உங்க அக்கா மாதிரி மருந்து போட ஆள் கிடையாது, அதனால நான் ஒண்ணும் கேட்டுக்கல. உங்களுக்கு நல்ல கண்ணு தம்பி. வெள்ளிக்கிழமை வந்து பாத்துச் சொல்லுங்க."

கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) "ஆறல" என்கிறேன். திருக்கைக்கு அவகாசம் கிடைக்கிறது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், அவள் கண்களில் (போதும்.)

ஆ) உள்ளதைச் சொல்கிறேன். உண்மை பேசினேன் என்ற பெருமை வேறு சேர்ந்துகொள்கிறது.

இ) வெள்ளிக்கிழமைக்கு முன்பே திருக்கை செத்துப்போகிறது. நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை முழுக்க இது நடக்க வேண்டுமென்று விரும்பினேன்.

7

திருக்கை சாகவில்லை. நான் முதல் முடிவைத்தான் தேர்ந்தெடுத்தேன். பேருந்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தொட்டிக்குள் குனிந்தேன். புண் மூடியிருந்தது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், புள்ளிகள் இல்லாமல். வாலடியில் இரண்டு எலும்புகளும் அப்படியே துருத்திக்கொண்டிருந்தன. நிமிர்ந்து வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"சார், இவன் சொல்றத நம்பாதீங்க. கதை எழுதுறவன். பொய் சொல்றதுதான் இவன் பொழப்பு."

நான் மறுபடியும் காட்டிக்கொடுப்பேன் என்று பயந்து சொன்னாள். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முதலாளி சிரித்தார். "அப்படியாம்மா? அப்ப தலைகீழா எடுத்துக்கறேன். தம்பி ஆறலன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம், இன்னைக்கே மாத்திடலாம். ஆறிடுச்சுன்னா ஆறல, ரெண்டு மாசம் விட்டுடலாம். சரிதானே?"

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்று புரை விழுந்த கண்ணைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிஜமென்றால், "ஆறிடுச்சு" என்று சொன்னால்தான் திருக்கை பிழைக்கும். ஆனால் அக்கா அதே வார்த்தையை இரண்டாம் தடவையாக என் வாயிலிருந்து கேட்பாள். விளையாட்டென்றால் அவளும் போவாள், திருக்கையும் போகும். "ஆறல" என்று சொன்னால் அக்கா கிடைப்பாள், ஒருவேளை. அவர் சொன்னபடி செய்கிறவராக இருந்தால், இன்று மத்தியானம் அவள்தான் அதை ஏந்திக்கொண்டு போய் ஆணின் தொட்டியில் இறக்க வேண்டும்.

"சொல்லுங்க தம்பி" என்கிறார் முதலாளி.

அக்கா தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். நான் சொல்வதை எழுத வேண்டியவள் அவள். இந்தக் கூடத்தில் அவளுக்கு இதுவரை எந்தக் கெடுதலும் செய்யாதவர்கள் நீங்கள் மட்டும்தான். எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.